சாயம் ஒட்டாத கை

அன்றைக்கு மதியம் ஷட்டரை இறக்கிய பிறகு பட்டறைக்குள் இருந்தவர்கள் இவர்கள்.

முதலாளி. மடக்கு நாற்காலியில், வலது முழங்காலை ஒரு காலி கேஸ் சிலிண்டர் மேல் நீட்டி வைத்துக்கொண்டு.

முதலாளியின் மூத்த மகள். பட்டறையின் கணக்கு வழக்கு அவள் பொறுப்பு. கண்ணாடி அறை வாசலில், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

முதலாளியின் இளைய மருமகன். வண்டியின் ஏசியைப் பிரிப்பதும் மாட்டுவதும் அவன் வேலை. நின்றாலும் ஏதோ பைப்புக்கு அடியில் நுழைந்து வந்தவன் மாதிரி கூனியே நிற்பான்.

வெல்டர். அலுமினியப் பைப்பில் ஓட்டை விழுந்தால் அடைக்கிறவர். ஒரு காது கேட்காது. மூத்த மருமகன் பேச ஆரம்பித்தால் அந்தக் காதைத்தான் அவன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார்.

டாக்ஸியம்மா. ஊரில் பாதி டாக்ஸி அவளுடையது என்று சொல்லிக்கொள்வார்கள். அவள் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

அவளுடைய வெள்ளை டாக்ஸி ஒன்று, பானெட்டைத் திறந்துகொண்டு.

கடைசியாக, இத்தனை பேரையும் வேலை நேரத்தில் இருட்டறைக்குள் கூட்டி நிறுத்தியவன்: மூத்த மருமகன். முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவனை இன்ஸ்பெக்டர் என்பார்கள். அது அவனுக்குத் தெரியும். மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தான்.

அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். எதுவும் தேறவில்லை. மாமனாருக்கு முழங்கால் போய்விட்டது, கூடவே மூளையும் போய்க்கொண்டிருந்தது. வெல்டருக்குக் காது போயிருந்தது. சகலைக்கு ஆரம்பத்திலிருந்தே எதுவும் இல்லை. இவர்களை வைத்துக்கொண்டு ஒரு பட்டறை இத்தனை வருடம் ஓடியிருக்கிறது என்றால் அதற்கு ஒரே காரணம் தான் இங்கே இருப்பதுதான் என்று அவன் மனப்பூர்வமாக நம்பினான். இதில் அவனுக்குத் துளி சந்தேகம் கிடையாது. சந்தேகம் வருகிற அளவுக்கு அவன் எதையும் உற்றுப் பார்த்ததில்லை.

மாமனார் அடுத்த வாரம் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் போகிறார். போனால் மாதக்கணக்கில் படுக்கை. அதற்கு முன்னால் பட்டறைப் பொறுப்பை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போவேன் என்று சொல்லியிருந்தார். யாரிடம் என்று சொல்லவில்லை. அதுவே இன்ஸ்பெக்டருக்கு அவமானமாக இருந்தது. மூத்த மருமகன் கல்லுக்குண்டு மாதிரி நிற்கும்போது இதில் யோசிக்க என்ன இருக்கிறது? யோசிக்கிறார் என்றால் சகலையையும் தராசில் ஏற்றி வைத்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போடத் தெரியாதவனையும் தன்னையும் ஒரே தராசில். அதை நினைத்தால் இன்ஸ்பெக்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் பட்டறையில் காரின் ஏசியைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார்கள். பிரேக், கிளட்ச் என்று யாராவது வந்தால் அடுத்த தெருவைக் காட்டுவார்கள். ஏசியே போதும் போதும் என்று இருந்தது. வெயில் ஏறினால் வாசலில் வரிசை கட்டி நிற்கும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வரும்போதே நோய்க்கு மருந்தும் எழுதிக்கொண்டு வருவார்கள். "ஒண்ணும் இல்ல, கேஸ் கம்மியா இருக்கு. கேஸ் மட்டும் அடிச்சு விடுங்க." ஏன் கம்மியாயிற்று என்று கேட்டால் முறைப்பார்கள். கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்வதற்கு? மூடின பைப்புக்குள் சுற்றிச் சுற்றி வருகிற சரக்கு. கம்மியானால் எங்கேயோ கசிகிறது. இன்னொருத்தர் வண்டியில் குளிரே வரவில்லை என்று சண்டைக்கு வருவார். டாஷ்போர்டைப் பிரித்தால் காற்று வடிகட்டி முழுக்க இலைச் சருகும், நடுவில் குடும்பத்தோடு செத்துக் காய்ந்த எலியும் இருக்கும். அதன் வழியாக வந்த காற்றைத்தான் அவர் இத்தனை நாள் ஜன்னலை ஏற்றிவிட்டு நிம்மதியாக மூச்சிழுத்திருப்பார். எலியைக் காட்டினால், இது உங்கள் பட்டறை எலி என்பார்.

இந்த ஜனங்களை இன்ஸ்பெக்டர் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவன் சொல்வதில் நியாயம் இருந்தது. மற்ற விஷயங்களுக்கும் அதே அலட்சியத்தை நீட்டிக்கொண்டதுதான் பிசகு.

கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவன் செய்த கூத்து புரியாது. கேஸ் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஏசிக்குள் ஓடுகிற எண்ணெயில் கொஞ்சம் பச்சைச் சாயத்தைக் கலந்துவிடுவார்கள். எங்கே கசிகிறதோ அங்கே கேஸோடு சாயமும் வெளியே வரும். வெளிச்சத்தில் பார்த்தால் வெறும் எண்ணெய்ப் பிசுக்கு. இருட்டாக்கி, அதற்கென்றே இருக்கிற நீல டார்ச்சை அடித்தால் அந்த இடம் மட்டும் பச்சையாக ஜொலிக்கும். மின்மினி உட்கார்ந்த மாதிரி.

ரிப்பேர் முடிந்த வண்டியைக் கடைசியாக ஒரு தடவை பார்த்து அனுப்புவது இன்ஸ்பெக்டரின் வேலை. பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். இன்ஜினைச் சூடேறும் வரை ஓடவிட வேண்டும். பைப் மூடிகளைத் திறந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் ஒட்டியிருக்கும் பழைய பிசுக்கைத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். கொஞ்ச நேரம் பொறுத்து, டார்ச் அடித்து, புதிதாகப் பச்சை ஊறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோள்பட்டை பிடித்துக்கொண்டது, கனம் தூக்க முடியாது என்று அவன் சொன்னபோது மாமனார் இந்த வேலையைக் கொடுத்தார். அவனும் இதற்கென்று புது டார்ச் ஒன்று வாங்கி, சட்டைப் பையில் பேனா மாதிரி செருகிக்கொண்டான். ஆனால் அவனைப் போன்ற அனுபவஸ்தனுக்குத் துணியும் துடைப்பும் எதற்கு? ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, காற்று வருகிற துவாரத்துக்கு நேராக உள்ளங்கையை நீட்டி, கண்ணை மூடி, "ம்" என்றால் வண்டி சரி. "ம்ஹும்" என்றால் சரியில்லை. அவன் "ம்ஹும்" சொன்னதாக யாருக்கும் ஞாபகமில்லை.

இப்படி இருக்கும்போதுதான் டாக்ஸியம்மாவின் வண்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. போன மாதம் சரி செய்து அனுப்பியது இந்த மாதம் வந்து நின்றது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்று. எல்லாவற்றிலும் ஒரே புகார்: முதலில் நன்றாகக் குளிர்ந்தது, போகப் போக வெறும் காற்று. பயணிகள் நடுவழியில் இறங்கிப் போகிறார்கள் என்று டிரைவர்கள் அவளிடம் புலம்பினார்கள். ஒரு டிரைவர் புலம்பவில்லை, வேலையை விட்டே போய்விட்டான். டாக்ஸியம்மா சத்தம் போடுகிற ஆள் இல்லை. ஒரு நாள் காலையில் வந்து மாமனார் எதிரில் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். ஒன்று, உங்கள் ஆட்களுக்கு வேலை தெரியவில்லை. அல்லது, வண்டி திரும்பி வரட்டும் என்று யாரோ வேண்டுமென்றே பைப்பில் ஊசியால் குத்தி அனுப்புகிறார்கள். எது என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் என் வண்டிகளை வேறு இடத்துக்கு ஓட்டிப் போகிறேன். அவளுடைய வண்டிகள் போய்விட்டால் மழைக்காலத்தில் இந்தப் பட்டறை ஈ ஓட்ட வேண்டியதுதான்.

சகலை அப்போதே வாயைத் திறந்தான். வருடத்துக்கு இரண்டு தடவை திறக்கிற வாய். ஊசியும் இல்லை, ஒன்றும் இல்லை, எல்லா வண்டியிலும் கசிவது இணைப்பில்தான், உள்ளே போடுகிற ரப்பர் வளையம் சரியில்லை, புதுப் பாக்கெட் வந்ததிலிருந்துதான் இப்படி என்றான்.

அந்தப் பாக்கெட்டை வாங்கி வந்தது இன்ஸ்பெக்டர். வழக்கமான கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, வழியில் பம்ப் சாமான் விற்கிற கடையில் வாங்கினான். வளையம் வளையம்தானே, அதிலும் பச்சை ரப்பரா கறுப்பு ரப்பரா என்று என்ன ஜாதகமா பார்க்க வேண்டும்? அவன் சிரித்தான். சிரித்துவிட்டு மாமனாரைப் பார்த்து, செய்தவன் சாமான் மேல்தான் மாமா பழி போடுவான் என்று ஆதரவாகச் சொன்னான். மாமனார் யாரையும் பார்க்காமல் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி இன்ஸ்பெக்டருக்கு ஒரு யோசனை உதித்தது. யோசனைகள் அவனுக்கு அபூர்வமாகத்தான் வரும் என்பதால், வந்ததை விடாமல் பிடித்துக்கொண்டான். ஊசியால் குத்துகிறவன் கையில் சாயம் தெறிக்கும். சாயம் சோப்புக்கும் போகாது, மண்ணெண்ணெய்க்கும் போகாது. நக இடுக்கில் நாள்கணக்கில் நிற்கும். ஆனால் வேலை செய்கிறவன் சாயப் பாட்டிலைத் திறந்து ஊற்றும்போதும் கையில் படும் அல்லவா? அதற்கும் வழி கண்டுபிடித்தான். மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து, சாயப் பாட்டில்கள் எல்லாவற்றையும் எடுத்துத் தன் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினான். சாயம் தீர்ந்துவிட்டது, சொல்லியிருக்கிறேன், வரும் வரைக்கும் இருக்கிற வேலையைப் பாருங்கள் என்றான். ஒரு வாரம் பாட்டிலை யாரும் தொடவில்லை. ஆக, இப்போது எவன் கை பச்சையாக மின்னுகிறதோ அவன்தான் குத்தினவன். இது சகலையின் கை என்பதில் அவனுக்கு ஐயம் இல்லை. மாமனார், டாக்ஸியம்மா இருவர் முன்னாலும் சகலையின் கை பளிச்சென்று மின்னும். அத்தோடு தராசு ஒரு பக்கமாகச் சாயும்.

இதில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. சாயம் பாட்டிலில் மட்டுமா இருக்கிறது? ஏற்கனவே சாயம் ஊற்றின வண்டிகள் அத்தனையிலும் அது எண்ணெயோடு சேர்ந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எந்தப் பைப்பைக் கழற்றினாலும், எந்த மூடியைத் திருகினாலும், அழுத்தம் பார்க்க கேஜ் மாட்டினாலும் கையில் ஒட்டும். ஏசி வேலை பார்க்கிற எவனுக்கும் இது மூச்சு விடுகிற மாதிரித் தெரிந்த சங்கதி. ஏசி வேலை பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டவனுக்குத்தான் மறந்துபோகும்.

ஜன்னல்களுக்கு அட்டை வைத்து அடைத்திருந்தான். ஷட்டருக்கு அடியில் வருகிற வெளிச்சத்துக்குப் பழைய கோணிகளைத் திணித்திருந்தான். எல்லாரும் வந்து நின்றதும் தொண்டையைச் சரி செய்துகொண்டு பேச ஆரம்பித்தான். இந்தப் பட்டறையின் பெயரைக் காப்பாற்றுவது தன் கடமை என்றான். சொந்தம் பந்தம் பார்க்கப் போவதில்லை என்றான். மனசு கல்லாகிவிட்டது என்றான். பாட்டிலைப் பூட்டி வைத்த தந்திரத்தை விளக்கும்போது அவன் குரலே கொஞ்சம் நடுங்கியது, அவ்வளவு பிடித்திருந்தது அவனுக்கு அது. சகலை நிமிர்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். மாமனார் கையை லேசாக உயர்த்தினார். சகலை வாயை மூடிக்கொண்டான். அந்தக் கையசைவை இன்ஸ்பெக்டர் தனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டான்.

"விளக்கை அணைக்கலாமா?" என்று கண்ணாடி அறை வாசலிலிருந்து மனைவி கேட்டாள்.

"அணை," என்றான்.

இருட்டில் டாக்ஸியின் இன்ஜின் ஆறிக்கொண்டு டிக் டிக் என்று சத்தம் போட்டது. இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து டார்ச்சை உருவிப் பொத்தானை அழுத்தினான். நீல வெளிச்சம் தரையில் ஒரு வட்டம் போட்டது. வெல்டரிலிருந்து ஆரம்பித்தான், சகலையைக் கடைசியில் வைத்துக்கொண்டால் ருசி அதிகம் என்று.

வெல்டரின் இரண்டு கைகளும் பச்சையாக எரிந்தன. கை மட்டுமா, கேட்காத காதின் மடலும், நெற்றியில் விபூதிப் பட்டை மாதிரி மூன்று விரல் தடமும் எரிந்தன. சொறிந்திருப்பார். தன் கையைத் தானே பார்த்துவிட்டு, "அட, தீபாவளி," என்றார்.

இன்ஸ்பெக்டருக்கு லேசாகப் பொறி தட்டியது. வெல்டரும் கூட்டுக் களவாணியா என்று யோசித்தான். இருக்கும், எல்லாரும் இருப்பார்கள். டார்ச்சைச் சகலை பக்கம் திருப்பினான். சகலை முழங்கை வரை பச்சை. முகவாய்க்கட்டையில் பச்சை. சட்டையில் தெளித்துவிட்ட மாதிரி பச்சை. இரண்டு கையும் வேலையாக இருந்தால் மூடியைப் பல்லால் கடித்துத் திருகுகிற பழக்கம் உண்டு அவனுக்கு. சிரித்தபோது ஒரு பல்லும் மின்னியது.

"பாத்தீங்களா மாமா?" என்றான் இன்ஸ்பெக்டர்.

"என்னுதையும் பாருங்க மாப்பிள்ளை," என்று மாமனார் நாற்காலியிலிருந்தே இரண்டு கைகளையும் நீட்டினார்.

அவர் விரல் நுனிகள் பத்தும் மின்னின. முழங்கால் முடியாமல்கூட அவர் தினமும் காலையில் ஒரு நடை, நிற்கிற வண்டி ஒவ்வொன்றின் பைப்பையும் தடவிப் பார்த்துவிட்டு விரலை விரலோடு தேய்த்துக்கொண்டு போவார். கிழவனுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை என்று இன்ஸ்பெக்டர் நினைத்துக்கொள்வான்.

அடுத்தது அவன் கேட்காமலேயே நடந்தது. மனைவி வெளிச்சத்துக்குள் கையை நீட்டினாள். அவள் விரல்களும் பச்சை. காதோரம் முடி ஒதுக்கின இடத்தில் ஒரு கோடு.

அவன் அதிர்ந்து போனான். "உனக்கு எப்படி?"

"சாயங்காலம் பைப் மூடியெல்லாம் கழுவி வைக்கிறது யாருன்னு நினைச்சீங்க? தானா கழுவிக்குதா?"

டாக்ஸியம்மா இருட்டில் சிரித்தாள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, நானும் காட்டிவிடுகிறேன் என்று அவளும் கையை நீட்டினாள். ஆள்காட்டி விரலில் ஒரு பொட்டுப் பச்சை. காலையில் வண்டி நின்றதும் டிரைவரை நம்பாமல் பானெட்டைத் தூக்கி, ஈரமாக இருந்த இடத்தைத் தானே தொட்டுப் பார்த்ததாகச் சொன்னாள். "அப்ப நானும் ஊசியால குத்தினேன்னு எழுதிக்கங்க," என்றாள்.

பிறகு சொன்னாள்:

"தம்பி, உங்க கையைக் காட்டுங்க."

இதுதான் அவனுக்கு வேண்டியது. டார்ச்சை இடது கைக்கு மாற்றி, வலது கையை விரித்துக் காட்டினான். கை இருட்டாக இருந்தது. புறங்கை, உள்ளங்கை, நக இடுக்கு, எங்கேயும் ஒரு புள்ளி இல்லை. டார்ச்சை மாற்றி இடது கையையும் காட்டினான். அதிலும் இல்லை. அத்தனை பேர் கையும் களவாணிக் கையாக எரியும்போது தன் கை மட்டும் குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. அவன் நெஞ்சு விம்மியது. நிதானமாக, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டினான்.

"ஒரு பொட்டு இல்ல பாத்துக்கங்க," என்றான்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாராட்டத் தயங்குகிறார்கள் என்று முதலில் நினைத்தான். இருட்டில் வெல்டரின் பச்சைக் காது மட்டும் மெதுவாகத் திரும்பி, நல்ல காது அவன் பக்கம் வந்தது.

மாமனார்தான் பேசினார். குரலில் கோபம் இல்லை. நேற்று அனுப்பின சாம்பல் நிற வண்டியை மாப்பிள்ளை பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் என்றான். முந்தாநாள் அந்த வேன்? பார்த்தேன். மூடியைத் திறந்தீர்களா? திறந்தேன். இணைப்பைத் துடைத்தீர்களா? துடைத்தேன். எல்லா வண்டியும்? எல்லா வண்டியும் மாமா.

"எதால தொடச்சீங்க? மனசாலயா?"

இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தான். கையுறை என்று சொல்ல நினைத்தான். பட்டறையில் கையுறையே கிடையாது என்பதும், வாங்க வேண்டும் என்று சகலை கேட்டபோது சொகுசு என்று நிராகரித்தது தான்தான் என்பதும் நல்லவேளையாக நினைவுக்கு வந்து, மூடிக்கொண்டான்.

மனைவி அவன் கையிலிருந்து டார்ச்சை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். நகத்தால் சுரண்டி, கண்ணாடி மேல் ஒட்டியிருந்த எதையோ உரித்து எடுத்தாள். வாங்கின அன்று கீறல் விழாமலிருக்கக் கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்புகிற மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதை உரித்ததும் வெளிச்சம் இரண்டு மடங்கானது. பட்டறைச் சுவரில், தரையில், நாற்காலிக் கையில் எல்லாம் விரல் தடங்கள் பச்சையாக எழுந்து வந்தன. எத்தனையோ பேர் வேலை பார்த்த இடம் என்று தெரிந்தது. கண்ணாடி அறைக்குள் இன்ஸ்பெக்டரின் மேசையும் நாற்காலியும் மட்டும் கும்மிருட்டாக இருந்தன.

அவள் அந்தத் தாளை இரண்டு விரலால் பிடித்து ஒரு கணம் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் இப்படி எதையும் கீழே போட்டு அவன் பார்த்ததில்லை.

டாக்ஸியம்மா மாமனார் பக்கம் திரும்பினாள். "ஐயா, என் வண்டில இவர் கை படக்கூடாதுன்னு சொல்லத்தான் வந்தேன். அந்தக் கஷ்டமே இல்ல. படவே இல்லயே."

வெல்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். செவிட்டுக் காதுக்காரருக்கு அது மட்டும் நன்றாகக் கேட்டது.

இன்ஸ்பெக்டர் சும்மா இருக்கவில்லை. சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் அவன் இன்ஸ்பெக்டரே ஆகியிருக்கமாட்டான். அனுபவத்தைப் பற்றிப் பேசினான். துவாரத்துக்கு நேராகக் கையை நீட்டினாலே கண்டுபிடித்துவிடுகிறவனுக்குத் துடைப்பெதற்கு என்று கேட்டான். அப்படியானால் வண்டிகள் ஏன் திரும்பி வந்தன என்று மாமனார் கேட்டார். அதைத்தான் நானும் கேட்கிறேன், குத்தினது யார் என்றான் இவன். யாரும் குத்தவில்லை என்று சகலை சொன்னான்.

"நான் அன்னிக்கே சொன்னேன் அண்ணே. நீங்க சிரிச்சீங்க."

அவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து இரண்டு ரப்பர் வளையங்களை எடுத்து மாமனார் உள்ளங்கையில் வைத்தான். ஒன்று வழக்கமான கடையில் வாங்கினது, ஒன்று டாக்ஸியில் இன்று காலை கழற்றினது. மாமனார் இருட்டிலேயே இரண்டையும் விரலால் உருட்டிப் பார்த்தார். ஒன்று வளைந்து கொடுத்தது. மற்றது ஊறி உப்பி, அழுத்தினதும் பிட்டுக்கொண்டு வந்தது. இந்த எண்ணெயைத் தாங்குகிற ரப்பர் இல்லை அது, தண்ணீர் பம்புக்குப் போடுவது. ஒழுங்காகத் துடைத்துப் பார்த்திருந்தால் இன்ஜின் சூடேறின அரை மணியில் பச்சை ஊறியிருக்கும், வண்டி வாசலைத் தாண்டியிருக்காது.

"யார் வாங்கினது?" என்று கேட்டார், தெரிந்துகொண்டே.

யாரும் பதில் சொல்லவில்லை. சகலைகூடச் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மைதான் இன்ஸ்பெக்டரால் தாங்க முடியாததாக இருந்தது. அவன் எதிர்பார்த்தது சண்டை. சண்டை வந்திருந்தால் குரலை உயர்த்தி, பழைய கதைகளை இழுத்து, கடைசியில் எல்லாரும் சோர்ந்துபோய் விஷயமே மறந்துபோகிற மாதிரிச் செய்திருப்பான். வீட்டில் அப்படித்தான் ஜெயித்துக்கொண்டிருந்தான். இங்கே யாரும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அவனோடு சண்டை போடுகிற அளவுக்குக்கூட அவனை யாரும் மதிக்கவில்லை என்பது அவனுக்கு அப்போது லேசாக உறைத்தது. உடனே அதை மறுத்துவிட்டான்.

மாமனார் முடிவைச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வரை காத்திருக்கத் தேவையில்லை, இன்றிலிருந்தே பட்டறைப் பொறுப்பு மூத்த மகளுக்கு என்றார். வேலை இளையவருடையது, வரவு போக்கு அவளுடையது, கடைசிப் பார்வையும் இனிமேல் அவளே. "அவ கையில பச்சை இருக்கு, அது போதும்."

இன்ஸ்பெக்டர் சிரிக்க முயன்றான். பொம்பளை பானெட்டுக்குள் தலையை விட்டுப் பார்ப்பாளா என்றான். டாக்ஸியம்மா பச்சைப் பொட்டு வைத்த ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்திக் காட்டினாள்.

"அப்ப நான் என்ன பண்றது மாமா?"

"வண்டி வந்தா ஷட்டரைத் தூக்குங்க. போனா இறக்குங்க. பிடிக்கலைன்னா வீட்ல இருங்க மாப்பிள்ளை. தோள்பட்டை வேற வலிக்குதுன்னு சொன்னீங்க."

இதை மாமனார் கேலியாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. உண்மையான அக்கறையோடு சொன்னார். வண்டிகளை வரிசையாக மறுபடி பிரித்து வழக்கமான கடை வளையம் போட்டுவிடலாமா என்று அந்தப் பேச்சின் தொடர்ச்சியாகவே சகலையிடம் கேட்டார். முதலில் இதோ நிற்கிற டாக்ஸி, இருட்டு இருக்கும்போதே பார்த்துவிடலாம் என்றான் சகலை. விளக்கைப் போட வேண்டாம், அட்டையை எடுக்க வேண்டாம், இன்ஸ்பெக்டர் நன்றாகத்தான் அடைத்து வைத்திருக்கிறார் என்று வெல்டர் சொன்னார். மாமனாரும் நாற்காலியிலிருந்து எழுந்து வர, மூன்று பேரும் பானெட்டுக்கு அடியில் குனிந்தார்கள். டாக்ஸியம்மா அவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். இன்ஸ்பெக்டரின் மனைவி அவனுடைய டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இன்ஸ்பெக்டர் இருட்டில் தனியாக நின்றான். யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. அது அவனுக்குப் பழக்கமில்லாத நிலைமை. கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தான். யாரும் திரும்பவில்லை. பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்:

"நான் இல்லாம ஒரே ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. அப்பத் தெரியும்."

"துணியை இங்க குடுங்க அண்ணி," என்றான் சகலை, இன்ஸ்பெக்டரின் மனைவியிடம்.

இன்ஸ்பெக்டர் ஷட்டரில் இருக்கும் சின்னக் கதவை நோக்கி நடந்தான். மெதுவாகத்தான் நடந்தான், கூப்பிடுவதற்கு அவகாசம் கொடுத்து. வழியில் காலி சிலிண்டரில் கால் இடித்துக்கொண்டு, அந்தச் சத்தத்துக்காவது யாராவது திரும்புவார்கள் என்று ஒரு நிமிடம் நின்றான். பிறகு கதவைத் திறந்தான். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஒரு பட்டை வெளிச்சம் பட்டறைத் தரையைக் கிழித்துக்கொண்டு போய் டாக்ஸியின் இன்ஜின் மேல் விழுந்தது. அங்கே எங்கேயோ மினுங்க ஆரம்பித்திருந்த பச்சை அந்த வெளிச்சத்தில் காணாமல் போனது.

"வெளிச்சம் வருது," என்று சகலை தலையைத் தூக்காமலே சொன்னான்.

மனைவி டார்ச்சைச் சகலையிடம் கொடுத்துவிட்டுக் கதவுக்கு வந்தாள். இன்ஸ்பெக்டர் நினைத்ததுதான். வராமல் எங்கே போவாள்? வீட்டுக்கு வருகிறாள், வழியெல்லாம் தன் வாயால் நன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டு வரட்டும் என்று, அவள் வெளியே வருவதற்கு வழிவிட்டு வாசலைத் தாண்டி ஒரு எட்டு வெயிலில் எடுத்து வைத்தான்.

"உள்ள வர்றீங்களா?" என்று கேட்டாள்.

கெஞ்சட்டும் என்று தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. கதவை இழுத்துச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினாள்.